பழைய வீட்டைக் குறைந்த செலவில் புதுப்பித்தல்: எதை முதலில் செய்வது, எதைத் தொடாமல் விடுவது

பழைய வீடு ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது வண்ண அட்டையைத்தான். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்ற கட்டடத்தில் வண்ணம் பூசுவது கடைசி வேலைகளில் ஒன்று. அதற்கு முன்பாகக் கூரை, ஈரம், மின்சாரம், குழாய், பூச்சு, மரவேலை என்று ஒரு வரிசை இருக்கிறது. இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் ஒரே சுவருக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேர்கிறது. புதிய வயர் இழுப்பதற்காகச் சுவரைக் கொத்தும்போது சென்ற மாதம் அடித்த பெயிண்ட் உதிர்கிறது. கூரையின் கசிவை அப்படியே விட்டுவிட்டு உட்கூரைக்கு வெள்ளையடித்தால் அடுத்த மழையிலேயே பழுப்புக் கறை எட்டிப் பார்க்கிறது. மலிவான பொருள்களைத் தேடி அலைவதால் மிச்சமாகும் பணத்தைவிட, ஒரு வேலையை ஒரே முறையில் முடிப்பதாலும் நன்றாக இருப்பதைப் பிரித்தெறியாமல் காப்பதாலும் மிச்சமாகும் பணம் பல மடங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. முதன்முறையாக இந்தப் பணியில் இறங்குபவர்களுக்காக, பெரும்பாலும் வேலைகள் நடக்க வேண்டிய வரிசையிலேயே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பார்ப்பதும் குறித்துக்கொள்வதும்

ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், அளவு நாடா, டார்ச் விளக்கு ஆகியவற்றோடு வீட்டை அறை அறையாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சுவர், கூரை, தரை, கதவு, ஜன்னல், மின்புள்ளிகள் என்று ஒவ்வொன்றின் நிலையையும் எழுதுங்கள்; நிழற்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் சமமாகத் தெரியும் சுவரைக்கூட, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மேடு, பள்ளம், உப்பல் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

பார்ப்பதோடு நிறுத்தாமல் சுவரைத் தட்டியும் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டும்போது கெட்டியான ஒலி வந்தால் பூச்சு செங்கல்லோடு பிடிப்பாக இருக்கிறது என்று பொருள். பொத்தென்று உள்ளீடற்ற ஒலி வந்தால் அந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த எல்லையைத் தட்டிக்கொண்டே போய்ப் பென்சிலால் வட்டமிடுங்கள். பல பழைய வீடுகளில் இப்படி வட்டமிட்ட பிறகு பார்த்தால், முழுவதும் கொத்தியெடுக்க வேண்டும் என்று நினைத்திருந்த சுவரில் உண்மையில் நான்கைந்து வட்டங்களே இருக்கும். அந்த வட்டங்களை மட்டும் உடைத்துப் பூசினால் போதும். வேலைக்கு விலை சொல்ல வருபவரிடம் சுவர் முழுவதற்கும் பேசாமல், இந்த வட்டங்களைக் காட்டிப் பேசுங்கள்.

விரிசல்களைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வந்தவை. அவற்றை நிரப்பி வண்ணம் பூசிவிடலாம். ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டியவை, சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிபவை, செங்கல் இணைப்புகளைத் தொடர்ந்து படிக்கட்டுப் போல ஏறுபவை, ஒரு பக்கம் முன்தள்ளியும் மறுபக்கம் உள்வாங்கியும் இருப்பவை ஆகியவற்றைக் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு ஒரு எளிய வழி உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் குறுக்கே பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் நடுப்பகுதியின் அகலத்தையும் எழுதி வையுங்கள். சில மாதங்கள் கழித்தும் விரிசல் கோட்டைத் தாண்டாமலும் அகலாமலும் இருந்தால் அது பழைய அசைவின் தழும்பு மட்டுமே. கோட்டைத் தாண்டிவிட்டால், மற்ற எல்லாச் செலவையும் நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள்.

இவ்வாறு எழுதிய குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: உயிருக்கு ஆபத்தானவை, விட்டால் நாளுக்கு நாள் மோசமாகிறவை, கண்ணுக்கு மட்டும் உறுத்துகிறவை. கையில் உள்ள பணம் இதே வரிசையில்தான் இறங்க வேண்டும். மொத்தத் தொகையில் 15 முதல் 20 விழுக்காட்டைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரையோ தரையையோ திறந்தால் எதிர்பாராத ஒன்று உள்ளே இருக்கும். அந்தத் தொகை அதற்குரியது. வேலை முழுவதும் முடியும்வரை அதைத் திரைச்சீலைக்கோ சோபாவுக்கோ எடுக்கலாகாது.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய வீடுகளில் பல சுவர்கள் வெறும் தடுப்புகள் அல்ல, கூரையின் பாரத்தைத் தாங்குபவை. இரண்டு அறைகளை ஒன்றாக்கும் எண்ணம் இருந்தால், பொறியாளர் பார்த்து எழுத்து மூலம் சொல்லும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரின் அனுமதியையும், பொதுச் சுவர் இருந்தால் அண்டை வீட்டாரின் ஒப்புதலையும், கட்டடம் மரபுச் சின்னப் பட்டியலில் இருந்தால் உரிய அலுவலகத்தின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுங்கள்.

ஈரத்தை அறிதல்

பழைய வீட்டில் பணத்தைக் கரைக்கும் முதல் எதிரி தண்ணீர். ஆகவே இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். சுவரில் ஈரம் தெரிந்தவுடன் ஈரத்தடுப்புப் பெயிண்ட் வாங்கி அடிப்பது பரவலான வழக்கம். அது ஈரத்தை நிறுத்துவதில்லை. சில மாதங்கள் மறைத்து வைத்து, பிறகு தோலாக உரிந்து விழுகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

கறை உட்கூரையிலோ சுவரின் மேற்பகுதியிலோ இருந்து மழைக்குப் பின் பெரிதானால், குற்றம் கூரையில் இருக்கிறது: உடைந்த ஓடு, அடைபட்ட மழைநீர்க் குழாய், கூரையும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விட்ட பிளவு ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்வரை பட்டையாக ஈரம் பரவி, அதன் மேல் விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். மழைக்கும் காலத்துக்கும் தொடர்பில்லாமல் ஒரே இடம் எப்போதும் நனைந்திருந்தால் சுவருக்குள் ஓடும் குழாயைச் சந்தேகியுங்கள். அதைச் சோதிக்க, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். யாரும் தண்ணீரைத் தொடாத நிலையில் எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

இவை எதுவும் இல்லாமல் வெறும் வியர்வையாலும் சுவர் நனையக்கூடும். சமையலறை, குளியலறை ஆகியவற்றின் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கத்தில், அதாவது அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதும் ஒரு வெளியேற்று விசிறி பொருத்துவதுமே போதுமான மருத்துவம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

காரணம் தெரிந்த பிறகு, மிகக் குறைந்த செலவில் தீர்வதை முதலில் செய்யுங்கள். கூரையின் நீர்ப்போக்கிகளில் சேர்ந்த சருகை அள்ளுவதற்குச் செலவே இல்லை. வெளிச்சுவரை ஒட்டி ஆண்டுக்கணக்கில் மண் சேர்ந்து, வெளி மட்டம் உள்தரைக்குச் சமமாக அல்லது அதைவிட உயரமாக வந்திருப்பது பழைய வீடுகளில் அடிக்கடி காணப்படும் குறை. அந்த மண்ணை வெட்டியெடுத்து, வெளி மட்டம் உள்தரையைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்கும்படி செய்து, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தால், சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்தைச் செலுத்தும் விலையுயர்ந்த ஊசி முறைச் சிகிச்சை தேவைப்படாமலே பல சுவர்கள் உலர்ந்துவிடுகின்றன. மழைநீர்க் குழாயின் வாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளிக் கொட்டும்படி ஒரு துண்டுக் குழாயை நீட்டிவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது.

உங்கள் வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா, சிமெண்டில் கட்டியதா என்று பாருங்கள். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824-இல் காப்புரிமை பெறப்பட்டது என்றாலும், அது எங்கும் பரவி வீடு கட்டும் பொதுப் பொருளாவதற்கு நீண்ட காலம் பிடித்தது. ஆகவே பழைய சுவர்கள் பலவற்றில் சுண்ணாம்புச் சாந்தே இருக்கிறது. பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தை ஆணியால் கீறுங்கள். மென்மையாகப் பொடிந்து வெளிறிய தூளாக உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆணி வழுக்கிக் கொண்டு போனால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, காற்றில் விட்டுவிடும் இயல்புடையது. அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சைப் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்பைச் செங்கல்லுக்குள் தள்ளி, செங்கல்லின் முகத்தையே பொரிந்து விழச் செய்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும், சுண்ணாம்பு வெள்ளையடிப்பும் அல்லது காற்றுப் புகவிடும் வண்ணமும்தான் பொருத்தம். சுண்ணாம்பு காரத்தன்மை மிக்கது என்பதால் பூஞ்சையும் அதில் எளிதில் ஒட்டாது. அதே காரணத்தால் அது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஓதத்தை நிறுத்திய பின்பும் சுவர் உடனே உலர்ந்துவிடாது. ஓர் அங்குலத் தடிமன் உலர ஏறக்குறைய ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் புழங்கும் பொதுக் கணக்கு. பொறுத்திருங்கள். வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்த உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள். இந்தக் காத்திருப்புக் காலத்தில் மற்ற அறைகளின் வேலையைப் பார்க்கலாம்.

மின்சாரமும் குழாயும்

இந்த இரண்டிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுவிட்சைத் தொட்டால் சூடாக இருப்பது, விளக்கு மங்கி மங்கி எரிவது, நில இணைப்பு (எர்த்) இல்லாத பிளக் புள்ளிகள், துணி அல்லது ரப்பர் உறை போட்ட பழைய வயர்கள், உருகிய பிளாஸ்டிக் வாடை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து முழுச் சோதனை செய்யுங்கள். முழு வயரிங்கையும் மாற்ற இப்போது பணம் இல்லாவிட்டாலும், 30 மில்லிஆம்பியர் அளவில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்புச் சாதனத்தையும் சரியான நில இணைப்பையும் உடனே பொருத்தச் சொல்லுங்கள். மனித உடல் வழியாக மின்சாரம் கசியும்போது அது நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்; வீட்டில் நீங்கள் வாங்கும் வேறெந்தப் பொருளும் இதற்கு ஈடாகாது.

குழாய்களைப் பொறுத்தவரை, பழைய துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறி வாய் குறுகிவிடுகின்றன. தண்ணீர் மெலிதாக வருவதும், காலையில் முதலில் வரும் நீர் செம்பழுப்பாக இருப்பதும் இதன் அடையாளம். மாற்றுவதானால் பூச்சு வேலைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஆனால் கழுவும் தொட்டியும் கழிப்பறையும் சமையல் மேடையும் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு தொட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினால் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சரிவு, தரை, ஓடு என்று ஐந்து வேலைகள் கூடவே நகர்கின்றன.

சுவரைத் திறந்திருக்கும்போது, வயர்களும் குழாய்களும் போகும் பாதையை, அளவு நாடாவைச் சுவரில் விரித்து வைத்து அதுவும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஓர் அலமாரி மாட்டத் துளையிடும்போது அந்தப் படம் ஒரு குழாயைக் காப்பாற்றும்.

சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

பழைய கதவு, ஜன்னல், கம்பிகளில் பல அடுக்காக இருக்கும் எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. பழைய பெயிண்டுகளில் இதைப்போல் பல நூறு மடங்கு இருந்திருக்கிறது. அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஆகவே பழைய பெயிண்டை உலர் நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடாது. பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் அதன்மேலேயே புதிய பூச்சு கொடுத்து மூடிவிடுவது பாதுகாப்பானது, செலவும் குறைவு. சுரண்டியே ஆக வேண்டுமென்றால் நீர் தெளித்து நனைத்துக்கொண்டே, கீழே பிளாஸ்டிக் விரித்து, நுண்தூளைத் தடுக்கும் முகமூடியோடு செய்து, இறுதியில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த நாள்களில் வீட்டில் இருக்க வேண்டாம்.

பழைய நெளிவுத் தகடுகள், உட்கூரைப் பலகைகள், குழாய் உறைகள் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். உடையாமல் இருக்கும்வரை அதைத் தொடாமல் விடுங்கள். துளையிடுவதோ அறுப்பதோ கூடாது. அகற்றுவதானால் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

சுவரும் வண்ணமும்

நல்ல வண்ணப் பூச்சில் பெரும்பகுதி உழைப்பு பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பழைய சுவரின்மேல் உள்ளங்கையை அழுத்தித் தடவுங்கள். கையில் வெள்ளைப் பொடி அப்பினால் அது தளர்ந்த வெள்ளையடிப்பு. அதன்மேல் எமல்ஷன் (நீர் கலந்து பூசும் சுவர்ப் பெயிண்ட்) அடித்தால் வெள்ளையோடு சேர்ந்து உரிந்துவரும். அதைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டுப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு கொடுத்த பிறகே மேற்பூச்சு. ஏற்கெனவே பெயிண்ட் இருக்கும் சுவராக இருந்தால் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரித்துப் பாருங்கள். நாடாவோடு பெயிண்ட் செதில்கள் வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியே ஆக வேண்டும்.

மயிரிழை விரிசலின்மேல் அப்படியே பட்டி என்னும் நிரப்புக் கலவையைத் தடவினால் அது மேலோடு நின்றுவிடும். சுரண்டியின் முனையால் விரிசலை இரு பக்கமும் சாய்வாகச் சிறிது அகலப்படுத்தி, தூளை ஊதித் தள்ளி, தூரிகையால் லேசாக நனைத்து, பட்டியை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். உலர்ந்ததும் சிறிது உள்வாங்கியிருக்கும். இரண்டாவது முறை மெலிதாக இழுத்துவிட்டு, 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 220 எண் உப்புத்தாளாலும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். ஒரே தடவையில் தடிமனாகப் பூசிய பட்டி வெடிக்கும். புதிய சிமெண்ட் பூச்சு போட்ட இடங்களில், நீர் விட்டுப் பதப்படுத்தியது உட்பட, ஏறக்குறைய 28 நாள்கள் கழித்தே வண்ணம் பூச வேண்டும். அதற்கு முன் பூசினால் பூச்சின் காரம் பெயிண்டைத் திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்யும்.

எவ்வளவு பெயிண்ட் தேவை என்பதை நீங்களே கணக்கிடுங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட அறையின் நான்கு சுவர்களின் பரப்பு 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 சதுர அடி கழித்தால் 400; இரண்டு பூச்சுக்கு 800. சமமான சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 110 முதல் 130 சதுர அடி வரை வரும். பழைய, சொரசொரப்பான சுவரில் 100 என்று வைத்துக்கொள்வது நலம். ஆகவே எட்டு லிட்டர். டப்பாவின்மேல் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான சுவருக்குரியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே தடவையில், ஒரே தொகுப்பு எண் கொண்ட டப்பாக்களாக வாங்கினால் நிறத்தில் வேறுபாடு வராது.

நிறத்தை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய மாதிரி டப்பா வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு பூச்சு கொடுத்து, அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, நண்பகல், இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். மேடுபள்ளம் மிகுந்த பழைய சுவருக்குப் பளபளப்பில்லாத பூச்சே ஏற்றது. பளபளப்பு ஒவ்வொரு குறையையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். உட்கூரையை முதலில், சுவரை அடுத்து, மரத்தைக் கடைசியில் பூசுங்கள். விலை குறைந்த பெயிண்டை மூன்று தடவை அடிப்பதைவிடத் தரமான பெயிண்டை இரண்டு தடவை அடிப்பது கூலியைச் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலும் குறைந்த செலவுதான்.

கதவு, ஜன்னல், மரச்சாமான்

பழைய வீட்டின் மரத்தை எளிதில் விட்டுவிடாதீர்கள். இன்று அதே தரத்தில் மரம் வாங்கினால் செலவு கட்டுப்படியாகாது. அந்த நிலையும் கதவும் பல ஆண்டுகள் உலர்ந்து நிலைத்துவிட்டவை. முதலில் கரையானின் மண் பாதைகளும், துளைப்பூச்சியின் சிறு வட்டத் துளைகளும் அவற்றின் கீழ் கொட்டிய தூளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூரிய ஆணியால் அழுத்தும்போது உள்ளே இறங்கினால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டி, வேறு துண்டு பொருத்துங்கள்.

கதவு தொங்கிக்கொண்டு தரையில் உரசினால் கதவையே மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் கீலில் இருக்கும். திருகுகள் அதே துளையில் ஆண்டுக்கணக்கில் ஆடி, துளை அகன்று பிடிப்பு போயிருக்கும். கதவின் அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு திருகுகளைக் கழற்றுங்கள். மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மூங்கில் சிம்புகளையோ மரப்பசையில் தோய்த்து, துளை நிறையும்வரை செருகி, மேலே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, பசை நன்றாக உலர்ந்த மறுநாள் அதே திருகை முறுக்குங்கள். திருகு புதிய மரத்தைக் கடித்துக்கொண்டு இறங்கும். கதவும் தன் இடத்துக்கு உயரும். அதன் பிறகும் நிலையில் உரசினால், உரசும் ஓரத்தில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறங்கள். நிலையில் சாக்பீஸ் தூள் ஒட்டிய இடத்துக்கு எதிரே உள்ள கதவின் பகுதியை மட்டும் இழைப்புளியால் மெலிதாக இழையுங்கள். இதை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும், உலர்ந்ததும் இடைவெளி விழுந்துவிடும்.

மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் பூசுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், அது உலரும்போது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். துணியை வெளியே விரித்து முழுவதும் உலர்த்திய பிறகோ, தண்ணீரில் ஊறவைத்த பிறகோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

தரை, சமையலறை, குளியலறை

மொசைக், சிமெண்ட், மரம் ஆகிய பழைய தரைகளை உடைத்து ஓடு பதிப்பதற்கு முன், ஓரிடத்தில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மெருகேற்றிப் பாருங்கள். அழுக்கும் பழைய மெழுகும் போன பின் தெரியும் தரை பலரது மனத்தை மாற்றிவிடும். மொசைக்கிலும் பளிங்கிலும் அமிலம் ஊற்றாதீர்கள். சலவைக்கல் துகளை அமிலம் அரித்துவிடும். அமிலத்தையும் வெளுப்புத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்; குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

குளியலறை ஓடுகள் உறுதியாக இருந்து இடைக்கோடுகள் மட்டும் கறுத்திருந்தால், அந்தக் கலவையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டியெடுத்துப் புதிதாக நிரப்பினாலே அறை புதிதாகத் தெரியும். தொட்டியும் சுவரும் சேரும் மூலைகளில் நீர் புகாமல் அடைக்கும் சிலிகான் பசை போடுங்கள். சமையலறை அலமாரிகளின் சட்டம் நன்றாக இருந்தால் கதவுகளுக்கு வண்ணம் பூசி, கைப்பிடிகளை மட்டும் மாற்றுங்கள். பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகும்படி கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெயிண்டும் நிற்காது.

விளக்கும் திரையும்

அலங்காரத்தில் குறைந்த பணத்தில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது விளக்குதான். அறையின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு எரியும்போது பழைய சுவரின் குறைகள்தான் முதலில் தெரியும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அளவு) வரையிலான மஞ்சள் சாயல் எல்இடி விளக்குகளை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து, கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000 கெல்வின் பொருந்தும். நிறங்களை உள்ளபடி காட்டும் குறியீடு (CRI) 80-க்குக் குறையாத விளக்கையே வாங்குங்கள். 90 இருந்தால் இன்னும் நல்லது.

திரைக் கம்பியை ஜன்னல் சட்டத்தின் மேலேயே மாட்டாமல், நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்த்தி, இரு பக்கமும் ஆறு அங்குலம் நீட்டி மாட்டினால் ஜன்னல் பெரிதாகத் தெரிவதோடு, திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுவதும் வெளிச்சம் விடும். துணியின் அகலம் கம்பியின் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும். குறைந்த அகலத்தில் விலையுயர்ந்த துணியைத் தொங்கவிடுவதைவிட, போதிய அகலத்தில் சாதாரணப் பருத்தித் துணி அழகு. படங்களை மாட்டும்போது அவற்றின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் அமையட்டும். வீட்டுச் சாமான்களில் மூட்டு ஆடாத, பூச்சி அரிக்காத பழையவற்றைத் தேடுங்கள். துணி கிழிந்திருந்தாலும் சட்டம் உறுதியாக இருந்தால் வாங்கலாம், துணியை மாற்றுவது எளிது.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டராவது மிச்சம் வைத்து, மூடியை இறுக அடித்து மூடி, டப்பாவின்மேல் அறையின் பெயர், நிறத்தின் எண், தேதி ஆகியவற்றை எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குழாய், வயர் பாதைகளின் படங்களையும், விரிசல்களுக்குப் பக்கத்தில் எழுதிய அளவுகளையும், வேலை செய்தவர்களின் ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு மின் பலகைக்கு அருகிலுள்ள அலமாரியில் வைத்து, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் கூரை நீர்ப்போக்கியைத் துப்புரவு செய்யும் தேதியை அந்த உறையின்மேலேயே குறித்துவிடுங்கள்.